சந்தனம் அக்காவின் சட்னி

அன்புள்ள அம்மாவுக்கு,

உணவுப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள் என்று போன வாரம் சந்தனம் அக்காவிடம் நான் சொல்லவில்லை. அவர் கோவிந்தாபுரத்தில் வடை விற்பவர். சோதனைக்காக அவரிடம் சட்னியைத் தனியாகக் கட்டச் சொன்னேன்.

“ஏனுங்க, வடையத் தொடாம சட்னியவே மோந்து பாக்கறீங்க? ஆபீசருங்களா?”

சிரித்து மழுப்பிவிட்டு, அவர் விரலில் சுற்றியிருந்த துணியைப் பற்றிக் கேட்டேன்.

“புண்ணுங்க. டாக்டரு அஞ்சு நாளைக்கு மாத்திரை குடுத்தாரு, ரெண்டுலயே வலி போச்சு. மிச்சத்த எடுத்து வச்சுட்டேன்.”

நீங்களும் அப்படி வைப்பவர்தானே? ஏலப்பாறையில் எல்லோரும் சுகமா? அப்பாவின் அட்டைக்கடிப் புண்ணுக்கு அந்த மிச்ச மாத்திரையைக் கொடுக்காமல் டாக்டரிடம் கூட்டிப் போங்கள். வெறும் ‘சரி’ என்றால் நம்பமாட்டேன். அங்கத்துத் தேயிலைத்தூள் கொஞ்சம் அனுப்புங்கள். இங்கே தனியாகக் குடிக்கும் டீ ருசிக்கவில்லை.

அக்காவின் புண்ணிலிருந்து சட்னிக்குள் போயிருந்த கிருமி, கூடத்தில் நாங்கள் வைத்துப் பார்த்த எந்த மருந்துக்கும் சாகவில்லை. முடிவு வந்ததும் அக்காவிடம் சொல்லப் போனேன். அதற்குள் ஆஸ்பத்திரியில் அவர் விரலை எடுத்துவிட்டார்கள்.

மகள்,
ஆனந்தி