நைவேத்தியத்தில் சாத்துக்குடித் தோல்

4 செப்டம்பர் 1996, மந்தைவெளி
ஷரீஃபின் ஜூஸ் கடையிலிருந்து இன்றும் இரண்டு பை சாத்துக்குடித் தோல். "இன்னா சார், மாடு கீடு வாங்கிட்டியா?" என்று சிரித்தான்.

சிரிக்கட்டும். உணவு ஆய்வுக்கூடத்தில் வருடக்கணக்காக உழைத்தவன் நான். தலைமைப் பதவி ராகவேந்திரனுக்குப் போனது. எனக்கு விருப்ப ஓய்வு. யாருடைய விருப்பம்?

தோலைத் திரும்பத் திரும்பக் கொதிக்கவைத்து வடித்தால் கசப்பு போகும். அரைத்து, வெல்லப்பாகும் பொட்டுக்கடலையும் சேர்த்தால், சாக்லேட் பார் மாதிரி சத்தான பார். கண்டுபிடித்தது நான். என் மனைவி நீரஜா கிளறி வில்லை போடுகிறாள், அவ்வளவே.

21 செப்டம்பர்
அடையாறில் ஒரு பள்ளி, பிள்ளைகளுக்கு வாங்கலாம் என்கிறதாம். எல்லோரும் 'நீரஜா பார்' என்கிறார்கள். என் பெயர் எங்கே என்று கேட்டேன்.

"உங்க பேரைச் சொன்னா யார் வாங்குவா? ஊரோட சண்டை போட்டு வச்சிருக்கேளே."

சரி.

15 அக்டோபர்
கொலு. பள்ளிக் குழுவின் ஸ்ரீரஞ்சனி வந்தாள். அம்பாளுக்கு நைவேத்தியம் செய்த பாரைச் சுண்டலோடு கொடுத்தாள் நீரஜா. "அமிர்தமா இருக்குடி! ஆர்டர் உனக்குத்தான்." நீரஜாவின் முகத்தில் அப்படியொரு வெளிச்சம். கல்யாணத்தன்றுகூட நான் பார்த்ததில்லை.

"மாமி, எதுல பண்ணினதுன்னு சொன்னாளோ? ஷரீஃப் கடைக் குப்பைக்கூடைத் தோல்" என்றேன்.

குப்பைக்கூடை என்பது பொய். நல்ல தோலாகத் தனியே எடுத்துவைத்துத்தான் தருவான். அதனால் என்ன?

"இதையா அம்பாளுக்கு வச்சே?" என்று எழுந்தவள் தாம்பூலம்கூட வாங்காமல் போனாள். ஆர்டரும் போனது.

நீரஜா அழுவாள் என்று காத்திருந்தேன். வாணலியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

16 அக்டோபர்
தோல் என்பது உண்மைதானே?

2 நவம்பர்
போய்விட்டாள். பிறந்தகத்துக்கு இல்லை. ஷரீஃபின் மனைவி கைசர் ஜஹானோடு சேர்ந்து ஈக்காட்டுத்தாங்கலில் பார் போடக் கொட்டகை எடுத்திருக்கிறாளாம். நல்ல ஜோடி. பாகு முறியும், திரும்பி வருவாள். அன்றைக்குக் கதவைத் திறக்கமாட்டேன்.

9 பிப்ரவரி 1997
அவள் வரவில்லை. நானே போனேன், பதம் சொல்லிக்கொடுக்கலாமென்று. வாசலில் பட்டறை ஆட்கள் டீயும் பாருமாக நின்றிருந்தார்கள். என்னைப் பார்த்திராத கைசர் ஜஹான், "யாரு வோணும் சார்?" என்றாள்.

நீரஜா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். நன்றாகவே பார்த்தாள்.

"சாம்பிள் கேட்டு வந்திருக்கார் போல. ஒண்ணு குடுத்து அனுப்புங்கோ."

வாங்கிக்கொண்டேன்.