யாரும் கூப்பிடாமல் வந்தவர்

12 நவம்பர் 1996, செவ்வாய்

காலையில் நான் போனபோது, எங்கள் கம்ப்யூட்டர் ரூம் வாசலில் சர்வீஸ் இன்ஜினியர் ஒரு புது டிஸ்க்கோடு நின்றிருந்தார். மெஷினில் ஒரு குறையும் இல்லை. நான் அவரைக் கூப்பிடவும் இல்லை.

என்னோடு வேலை பார்க்கும் ரவிதான் எனக்குத் தெரியாமல் போன் பண்ணியிருப்பான் என்று நினைத்தேன். கேட்டதற்கு, "சத்தியமா நான் இல்லக்கா" என்றான்.

இன்ஜினியர் சிரித்தார். "ஒரு டிஸ்க் கெட்டுப்போகப் போகுதுன்னு உங்க டேட்டாவை வச்சிருக்கிற ஸ்டோரேஜ் மெஷினே எங்களுக்கு போன் பண்ணிச்சு மேடம்." மெஷினை நிறுத்தாமலே டிஸ்க்கை மாற்றிவிட்டுப் போனார்.

மெஷினுக்கு ஏது போன் லைன்? போன மாதம் ஃபேக்ஸுக்கு என்று சொல்லி மேனேஜர் இந்த ரூமுக்கு இழுக்கச் சொன்ன லைன்தான்.

சாயங்காலம் மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவே இல்லை. "அப்போ அந்த ரூமுக்கு இனிமே ஒரு ஆள் போதும், இல்லையாம்மா?" என்றார்.

வீட்டுக்குத் திரும்பும் பம்மல் பஸ்ஸில் ரவியும் வந்தான். காலையில் சந்தேகப்பட்டதற்கு வருத்தம் சொல்ல நினைத்திருந்தேன், சொல்லவில்லை. மேனேஜர் கேட்டதையும் சொல்லவில்லை. வழியெல்லாம் பேசிக்கொண்டே வருகிறவன், இன்றைக்கு அவனும் வாயைத் திறக்கவில்லை. அவனையும் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருப்பாரோ? அவன் என்ன பதில் சொல்லியிருப்பான்?