மதியத்தில் விழுந்த தகடு

நேற்று மழைக்கு ஒதுங்கப் போன பழைய சாமான் கடையில் ஒரு கறுப்பு டெலிபோன் கிடந்தது. கை சும்மா இருக்குமா? ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தேன். ஓடிகோலன் சென்ட் வாசம் வந்தது. சத்தியமாக வந்தது. காலையில் வேலைக்கு உட்காருமுன் கைக்குட்டையில் இரண்டு சொட்டு விட்டு, நாம் பேசும் குழல்களைத் துடைப்பாயே, அதே வாசம். நீ போய் வருஷமாகிறது.

புதுச்சேரி டெலிபோன் ஆபீஸில் ஆபரேட்டர் வேலையில் நமக்குப் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. யாராவது வீட்டில் டெலிபோன் கைப்பிடியைச் சுற்றினால், நம் முன்னாலிருக்கும் இணைப்புப் பலகையில் அந்த வீட்டுக்கான சின்னத் தகடு டொக்கென்று விழும். ஒயரைச் செருகி "அலோ, நம்பர்?" என்று கேட்க வேண்டும். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசினால் சூப்பர்வைசரம்மா தோலை உரித்துவிடுவார். பிரெஞ்சுக் கொடி இறங்கியும் அவர்கள் பழக்கிய மதியத் தூக்கம் மட்டும் ஊரை விட்டுப் போகவில்லை. சாப்பாட்டு வேளைக்குக் கடைகள் கதவைச் சாத்தும், தெருவில் நாய்கூட நடக்காது. பலகையும் தூங்கும்.

அந்த நேரத்தில்தான் அது விழுந்தது. கால்வாய்ப் பக்கத்தில் அடைத்துக் கிடந்த வீட்டின் தகடு. அந்தக் குடும்பம் கப்பலேறி பிரான்சுக்குப் போய்விட்டது என்று ஊருக்கே தெரியும். செருகி "அலோ" என்றேன். பதில் இல்லை. எங்கோ தூரத்தில் கிணற்று ராட்டினம் கிறீச், கிறீச் என்று சுற்றுவது மட்டும் கேட்டது. வெடுக்கென்று ஒயரைப் பிடுங்கினேன்.

மறுநாளும் விழுந்தது. அதற்கடுத்த நாளும். லைன்மேன், "உப்புக் காத்துல ஒயரு அரிச்சிருக்கும்" என்றார். பெருக்க வரும் அம்மாள், "அந்த வூட்டுல காத்து சேட்டை இருக்குது" என்றாள். நான் அவள் பக்கம்தான் சேர்ந்தேன். நீ சிரித்தாய்.

"ஏண்டி, பேய்க்குக் கைப்பிடிய சுத்தத் தெரியுமா? யாரோ இருக்காங்க."

அன்று நீ செருகினாய். "அலோ. பேச வேணாம். நான் இருக்கேன்," என்றாய். ஒயரைப் பிடுங்கவில்லை. மற்ற அழைப்புகளைப் பார்த்துவிட்டுத் திரும்பித் திரும்பி அந்த மௌனத்துக்கு "இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தாய். உனக்குப் புத்தி பிசகிவிட்டது என்றே நினைத்தேன். கேட்டதற்கு, "சத்தமே இல்லன்னா லைன் போயிடுச்சின்னு நெனச்சிப்பாங்கடி," என்றாய்.

ஒரு வாரம் போல இப்படியே போயிற்று. பிறகு ஒரு மதியம் அந்தப் பக்கமிருந்து ஒரு பெண் குரல், தூக்கத்தில் பேசுவது போல வந்தது. நானும் என் ஒயரைச் செருகிக் கேட்டேன்.

"கெணறு கூப்புடுது."

நீ குரலை உயர்த்தவே இல்லை. "என்னா சொல்லுது?"

"வான்னுது."

"செத்துப் போயிடலாம்னு தோணுதாம்மா?"

நான் உன் கையைப் பிடித்து இழுத்தேன். இப்படியா வாய்விட்டுக் கேட்பார்கள்? நீ குழலை மூடிக்கொண்டு, "நாம கேக்கலன்னா அவங்க அத தனியாவே வெச்சிக்குவாங்க," என்றாய். அந்தப் பக்கம் வெகுநேரம் கழித்து "ம்" என்றது. அதற்குப் பிறகு அழுகை. நீ தடுக்கவில்லை, புத்தி சொல்லவில்லை. உங்களுக்கு யார் இருக்காங்க என்று மட்டும் கேட்டுக் கேட்டு, அரியாங்குப்பத்தில் ஓர் அக்காள் இருப்பதை வாங்கிவிட்டாய். பிறகு என்னைப் பார்த்து, "நீ அந்த வீட்டுக்குப் போ. நான் பேசிக்கிட்டே இருக்கேன்," என்றாய்.

நாற்காலியை விட்டு எழுந்தால் வேலை போகும், என் வீட்டில் அடுப்பு எரியாது என்றேன். "போடி மொதல்ல," என்றாய்.

அந்தத் தெருவில் எல்லா ஜன்னலும் சாத்தியிருந்தன. வெயிலில் என் செருப்புச் சத்தமே எனக்குப் பின்னால் யாரோ வருவது போலிருந்தது. கதவைத் தட்டினேன். உள்ளே அந்தக் குரல் நெருங்கி வந்தது.

"ஊதாப் பொடவையா?"

குனிந்து என் புடவையைப் பார்த்தேன். அப்புறம்தான் புரிந்தது, நீ சொல்லியிருக்கிறாய். "ஆமாங்க, ஊதாதான்," என்றேன். தாழ்ப்பாள் விலகியது.

தலைவாரி எத்தனை நாளாயிற்றோ, என் வயதுப் பெண். அந்த வீட்டு மருமகள். புருஷனும் மாமனார் மாமியாரும் கப்பலேறும்போது, வீட்டைப் பார்த்துக்கொள், கூப்பிட்டுக்கொள்கிறோம் என்று விட்டுப் போனவர்கள் காகிதம்கூடப் போடவில்லை. வெட்கத்தில் வாசல் கதவைத் திறக்காமலே இருந்திருக்கிறாள். மேஜை நாற்காலி எல்லாம் வெள்ளைத் துணி மூடி நின்றன. முற்றத்துக் கிணற்றின் பலகை விலகிக் கிடந்தது. கயிறில்லாத ராட்டினம் காற்றில் தானாகச் சுற்றியது. மேஜைமேல் கிடந்த ரிசீவரிலிருந்து உன் குரல், எறும்பு அளவுக்கு: "இருக்கேன்... இருக்கேன்." அவ்வளவு பெரிய வீட்டில் உயிருள்ளது அது ஒன்றுதான் என்று தோன்றியது.

கிணற்றுப் பலகையை இழுத்து மூடினேன். அவளை ரிக்‌ஷாவில் அக்காள் வீட்டுக்குக் கொண்டுபோனேன். "சொல்லியனுப்பியிருந்தா ஓடி வந்திருப்பேனே, பாவி" என்று அக்காள் கட்டிக்கொண்டாள். ஆஸ்பத்திரிக்கும் அவள்தான் அழைத்துப் போய் வந்தாள். சூப்பர்வைசரம்மா நம் இருவரையும் ஒரு மாதம் கரித்துக் கொட்டினார். வேலை மட்டும் தப்பியது.

அதன் பிறகும் மனம் கலங்கிய மதியங்களில் அரியாங்குப்பத்துக் கடையிலிருந்து உன்னைக் கூப்பிடுவாள். ஒருநாள் போய்ப் பார்த்துவிட்டு வா என்றேன். "மொகம் தெரிஞ்சா கூச்சப்படுவாங்கடி. இப்படியே இருக்கட்டும்," என்றாய். போகவே இல்லை.

நீ இறந்த அன்று நான்தான் அவளுக்குச் சொல்லியனுப்பினேன். நரைத்த தலையோடு, அக்காள் பேரன் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். உன் முகத்தை முதல்முதலாகப் பார்த்தாள். அழவில்லை. குனிந்து உன் காதில் "இருக்கேன்" என்றாள். பக்கத்தில் நின்ற எனக்கு மட்டும்தான் கேட்டது. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

இப்போதும் வீட்டில் போன் அடித்து யாரும் பேசாவிட்டால், மகன் "கட் பண்ணும்மா" என்று கத்துவான். நான் பண்ணுவதில்லை.

நேற்றும் ரிசீவரைக் காதில் வைத்தபடி நெடுநேரம் நின்றிருக்கிறேன் போலிருக்கிறது. கடைக்காரர், "அதுல ஒயரே இல்லம்மா," என்றார். தெரியும் என்றேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அதனால்தான் "இருக்கேன்" என்று சொன்னேன்.