போணிக் கையெழுத்து

நீ வகுப்பில் வைத்த கதைப் புத்தகத்தை எடுக்கச் சொல்லிப் பெற்றோர் கொடுத்த மனுவில் முதல் கையெழுத்து என்னுடையது. புத்தகத்தை எடுத்துவிட்டார்கள். அதற்கப்புறம் இரண்டு வருடம் இருந்தாய். போன தை மாதம் போய்ச் சேர்ந்தாய். நடந்தது இவ்வளவுதான்.

இதை இப்போது எழுத உட்கார்ந்ததற்குக் காரணம், இன்று காலை கீழமாசி வீதியில் என் பருப்பு மண்டிக்கு வந்த இன்னொரு மனு. வேறு பள்ளிக்கூடம், வேறு புத்தகம். ஜெராக்ஸ் கடையிலிருந்து நேராகக் கொண்டு வந்திருப்பார்கள் போல, தாளில் இன்னும் சூடு இருந்தது, அந்தக் கருகின மை வாசமும் இருந்தது. சாம்பிராணி போட்டுவிட்டு அப்போதுதான் உட்கார்ந்திருந்தேன்.

"அண்ணே, ஒங்க கைராசி ஊருக்கே தெரியும். போணி பண்ணி விடுங்க."

முதல் வரியைக் காலியாக விட்டு, இரண்டிலிருந்து எண் போட்டு வைத்திருந்தார்கள். அன்றைக்கும் அப்படித்தான் கொண்டு வந்தார்கள்.

இந்தத் தெருவில் யார் புதுக்கடை திறந்தாலும் முதல் வியாபாரத்துக்கு என்னைக் கூப்பிடுவார்கள். விசேஷ வீட்டு மொய் நோட்டில் முதல் பேர் என்னுடையதாக இருக்கும். மூட்டை தூக்க வந்தவன் முதலாளி ஆனதற்கு ஊர் வைத்த பேர் கைராசி. நீ ஒருத்தன்தான் அதை நம்பாதவன். "கைராசியாவது ஒண்ணாவது. நாலு மணிக்கு எந்திரிச்ச ராசிண்ணே" என்பாய்.

டி. கல்லுப்பட்டிப் பள்ளிக்கூடத்தில் நாம் ஒரே பெஞ்சு. என் ஆட்கள் தோட்டம் வைத்திருந்தவர்கள். உன் ஆட்கள் அந்தத் தோட்டங்களில் கூலிக்கு நின்றவர்கள். பத்தாம் வகுப்பில் நான் தோற்றேன், நீ ஜெயித்தாய். அதற்குப் பிறகு உன்னைப் பார்த்தது, மகள் கயலைச் சேர்க்க கே.கே. நகர்ப் பள்ளிக்கூடத்துக்குப் போனபோதுதான். பத்தாம் வகுப்புத் தமிழாசிரியராக, கையில் சாக்பீஸ் தூளோடு படியிறங்கி வந்தாய். மறுநாளிலிருந்து காலை நடைக்கு இருவரும் ஒன்றாகப் போக ஆரம்பித்தோம். நடந்து முடித்துப் பருத்திப்பால் குடிக்கும் இடத்தில் எல்லாரும் என்னை மாப்ள என்பார்கள். நீ அண்ணே என்பாய். ஒரே வயசுக்காரன் எதற்கு அண்ணே என்கிறாய், நீயும் மாப்ள என்று கூப்பிடேன் என்று ஒருநாள் சொன்னேன்.

நீ டம்ளரை இறக்கிவிட்டுச் சிரித்தாய். "கூப்புட்டா தாங்குவியாண்ணே? பொண்ணு எடுக்கிற மொறையில்ல அது?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு நடக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. அதற்கப்புறம் நான் அதைக் கேட்கவில்லை.

நீ தேர்ந்தெடுத்த புத்தகத்தில் பத்துக் கதைகள். பாடத்திட்டப் புத்தகம் இல்லை, வாரத்துக்கு ஒருநாள் வாசிக்கத் துணைநூல். அதில் ஒரு கதையில் வெங்காயம் அறுக்கப் போகும் கூலிக்காரிக்குத் தோட்டக்காரர் மனைவி உயரத்திலிருந்து கையில் தண்ணீர் ஊற்றுகிறாள். கூலிக்காரியின் மகள், பத்து வயசுப் பிள்ளை, வீட்டிலிருந்து ஒரு டம்ளர் கொண்டுவந்து நீட்டுகிறது. "செம்பக் கொஞ்சம் எறக்கிப் புடிங்க, தண்ணி சிந்துது" என்கிறது. அந்தம்மா அந்தப் பிள்ளையையும் அதன் தாயையும் வாயில் வந்தபடி ஏசுகிறாள். ஒரு பக்கம் முழுக்க ஏச்சு.

அந்த ஒரு பக்கத்தைத்தான் போட்டோ எடுத்துப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போட்டார்கள். மேலே ஒரு வரி: "நம் பிள்ளைகளுக்கு நம் வீட்டுப் பெண்களைக் கேவலமாகக் காட்டும் பாடம்." மத்தியானத்துக்குள் எனக்கு ஏழெட்டு இடத்திலிருந்து அது வந்து சேர்ந்தது. பிள்ளையே இல்லாதவர்கள்கூட அனுப்பினார்கள். அனுப்பச் சொல்லி நடத்தியவன் ராசபாண்டி. வார்டில் நிற்க ஆசைப்பட்டுக்கொண்டிருந்தவன். ரோடு, சாக்கடை என்று எதைக் கையில் எடுத்தாலும் கூட்டம் சேரவில்லை அவனுக்கு. இதற்குச் சேர்ந்தது. அவன் பையன் அந்தப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புதான். பத்தாம் வகுப்புப் புத்தகம் அவன் கைக்கு எப்படிப் போனது என்று அன்றைக்கு நான் கேட்கவில்லை.

கேட்டிருக்கலாம். அவன் கூட வந்த ஐந்து பேரில் மூன்று பேர் மேற்கே செக்கானூரணி, உசிலம்பட்டிப் பக்கம் பெரிய மளிகைக்கடைக்காரர்கள். என்னிடம் சரக்கு எடுப்பவர்கள். "நம்ம சனத்தப் பத்தி எழுதியிருக்கான்ண்ணே. நீங்க போடலன்னா என்ன நெனப்பாக?" என்றார் ஒருத்தர். போணி பண்ணச் சொன்ன கையோடு பேனாவை வாங்கினேன். கடைக்கு வருகிறவன் முதல் சரக்கைக் கேட்கும்போது யோசித்தால் அபசகுனம் என்று பழகின கை. யோசிக்காமல் போட்டேன். என் பேருக்குக் கீழே இருநூறு கையெழுத்து விழுந்தது என்று ராசபாண்டி பிறகு சொன்னான். மண்டிக்காரரே போட்டுட்டார், வாத்தியாருக்குக் கூட்டாளியே போட்டுட்டார் என்று சொல்லிச் சொல்லித்தான் வாங்கியிருக்கிறார்கள்.

அன்று ராத்திரி சாப்பாட்டில் கயல் தட்டைத் தள்ளி வைத்தாள். "சார் அந்தக் கதைய வாசிக்கும்போது கிளாஸ்ல ஒரு சத்தம் இல்லப்பா. நீங்க படிச்சீங்களா?" என்றாள். அந்தப் பக்கத்தைப் படித்தேன் என்றேன். "அதுக்கடுத்த பக்கம்?" என்றாள். அவள் அம்மா, சாப்பிடும்போது என்ன பேச்சு என்று அவளைத்தான் அதட்டினாள்.

மறுநாள் நீ மண்டிக்கு வந்தாய். அதற்கு முன் ஒருமுறையும் நீ அங்கே வந்ததில்லை. ஆட்கள் லாரியில் உளுந்து இறக்கிக்கொண்டிருந்தார்கள். மேசையில் கிடந்த குத்தூசியை, மூட்டையில் குத்திச் சாம்பிள் இழுக்கிற அந்தக் கம்பியை, எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய்.

"ஒரு மூட்டைக்கு எத்தன எடத்துலண்ணே குத்துவ?"

"மேல, நடுவுல, அடியில. மூணு."

"ம்."

அதற்கு மேல் நீ ஏதாவது சொல்லியிருந்தால் நான் கோபப்பட்டுத் தப்பித்திருப்பேன். அடுத்த பக்கத்தை நான் படிக்கவில்லை, அதுதான் தப்பு என்று நானாகவே ஆரம்பித்தேன். அந்தம்மா கடைசியில் செம்பை இறக்குகிறாளாமே, கயல் சொன்னாள், அது தெரிந்திருந்தால் போட்டிருக்க மாட்டேன் என்றேன்.

"போட்டிருப்பண்ணே" என்றாய். குரலை உயர்த்தவே இல்லை. "அம்புட்டையும் படிச்சிருந்தாலும் போட்டிருப்ப. நீ அந்தப் பக்கத்துக்காகவா போட்ட? வந்த ஆளுகளுக்காகப் போட்ட."

டீ சொன்னேன். குடித்துவிட்டுத்தான் போனாய். போகும்போது, "எம் வேலை போகாம மட்டும் பாத்துக்கண்ணே. வேற எங்கயும் இந்த வயசுல எடுக்க மாட்டாக" என்றாய். என் மேல் உனக்கு அவ்வளவு நம்பிக்கை மிச்சம் இருந்தது.

தாளாளர் அறையில் பேச்சு நடந்தபோது நீ மேல்மாடியில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தாய். உன்னைக் கூப்பிடவில்லை. நடுவில் நின்று பேச என்னைத்தான் கூப்பிட்டார்கள்; மனுவிலும் நான் முதல் ஆள், உனக்கும் நான் வேண்டியவன். நல்லபடியாக முடித்துவிட்டேன், வேலை தப்பியது என்று சாயங்காலம் உன் வீட்டுக்கு வந்து சொன்னேன். நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய்.

அதற்குப் பிறகும் நடந்தோம். முன்னை மாதிரி இல்லை. உன்னை ஆறாம் வகுப்புக்கு மாற்றியிருந்தார்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எழுத்துப் பிழை திருத்துகிறேன், அதுவும் வேலைதானே என்பாய். ஒருநாள் பூங்காவைச் சுற்றி வரும்போது திடீரென்று நின்றாய்.

"புத்தகத்த எடுத்தாரு, சரி. மன்னிப்புக் கடிதம் கேட்டாரு, எழுதிக் குடுத்தேன். பத்தாங்கிளாஸ எதுக்குண்ணே புடுங்கினாரு? தாளாளரு அப்படி ஆளில்லையே."

எனக்கென்ன தெரியும் என்று சொன்னேன். இதையும் சொல்லிவிடுகிறேன்: அந்த இடத்தில் ஒரு பெஞ்சு இருக்கிறது, இப்போது நான் அந்தப் பக்கம் நடப்பதில்லை.

அவனியாபுரத்தில் உன் வீட்டிலிருந்து உன்னை எடுக்கும்போது தள்ளி நின்றேன். பழைய மாணவர்கள் ஐம்பது அறுபது பேர் வந்திருந்தார்கள், எல்லாம் உன்னிடம் பத்தாம் வகுப்பு படித்தவர்கள். உன் மனைவி என்னைப் பார்த்து, "அந்த வகுப்பு போனதுலருந்து மனுசன் வாசிக்கிறதையே விட்டுட்டாருண்ணே. ஒங்கள மட்டும் ஒரு வார்த்த சொல்ல விடமாட்டாரு. எம் வேலையக் காப்பாத்துனவன்னு சொல்வாரு" என்றார். நான் தலையை ஆட்டினேன். வேறு என்ன செய்வது?

ராசபாண்டி வார்டில் நிற்கவே இல்லை. அவனுக்குச் சீட்டு கிடைக்கவில்லை. இப்போது வேறு கட்சியில் இருக்கிறான். புத்தகத்தைப் பற்றி அவனுக்கு ஞாபகம்கூட இல்லை, நான் கேட்டுப் பார்த்தேன்.

இன்று காலை வந்தவர்களிடம், புத்தகத்தைக் கொடுங்கள், முழுசாகப் படித்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். "படிக்கிறதுக்கு என்னண்ணே இருக்கு அதுல?" என்று ஒருத்தன் சிரித்தான். புத்தகம் அவர்களிடம் இல்லை. செல்போனில் ஒரு பக்கம் இருந்தது. முடியாது என்று சொல்லிவிட்டேன். எதிர்த்த எண்ணெய்க் கடையில் அவர்கள் மனுவுக்குப் போணி ஆகிவிட்டது. என் மறுப்பால் கெட்டது ஒன்றும் இல்லை, நல்லதும் ஒன்றும் இல்லை.

உன்னிடம் சொல்லாத ஒன்றைச் சொல்லத்தான் இவ்வளவு நீட்டினேன். அன்றைக்கு அந்த அறையில் ராசபாண்டி உன் வேலையைத்தான் கேட்டான். ஒன்றரை மணி நேரம் பேசி அவனை இறக்கிக் கொண்டுவந்தேன். எல்லாம் படிந்துவிட்டது. அவன் எழுந்தும் விட்டான். ஆனால் முகம் முழுசாகத் தெளியவில்லை. வியாபாரம் முடிந்து, வாங்குகிறவன் முகம் அப்படி இருந்தால் ஒரு கைப்பிடி கொசுறு அள்ளிப் போட்டு அனுப்புவது என் வழக்கம். முப்பது வருடப் பழக்கம். யாரும் கேட்காமலே அள்ளிப் போட்டேன். தாளாளர்கூட ஒரு நிமிஷம் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு அதைக் கடைசி வரியாக எழுதிக்கொண்டார். நீ அவரைத்தான் சந்தேகப்பட்டாய்; அவர் அதைக் கேட்கவில்லை.

அந்தத் தாளில் எழுதி எல்லாரும் ஒப்புக்கொண்டது இது. புத்தகம் அந்த வாரத்தோடு நிற்கும், பிள்ளைகளிடமிருந்து திரும்ப வாங்கப்படும். ஆசிரியர் வருத்தம் தெரிவித்து ஒரு கடிதம் எழுதித் தருவார், அது பள்ளிக் கோப்பை விட்டு வெளியே போகாது. பள்ளி வாசலில் கூட்டம் கூடாது, பேனர் கட்டக் கூடாது. ஆசிரியருக்கு வேலை போகாது, சம்பளம் குறையாது. பத்தாம் வகுப்புக்கு அவர் இனிப் பாடம் எடுக்க மாட்டார்.