மீதி மாத்திரைகள்

8-10-51, திங்கள்
விடியலிலிருந்து மழை. ரப்பர் பேக்டரியில் உருளை மிஷின் பெல்ட் மாற்றினேன். இரண்டு மணி நேரம். சரோஜாவுக்கு மறுபடி அடிவயிற்று வலி, காய்ச்சல். தோட்டத்து மருந்தக டிரெஸர் வெறும் வயிற்றுவலி மருந்து கொடுத்தார். "சூடுதான் லா. இளநி குடிக்கச் சொல்லு." அம்மா, அவள் காதில் விழும்படி: "ரெண்டு வருசமா புள்ள இல்ல. வலி மட்டும் மாசாமாசம் வருது. தங்கா பத்து தோட்டத்துல ஒரு பொண்ணு இருக்குடா." நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

9, செவ்வாய்
காய்ச்சல் 103. அவளால் நிமிர முடியவில்லை. ஆறு மணிக்குக் கம்பிவேலி கேட் திறந்ததும் தோட்டத்து லாரியில் மலாக்கா. கேட் காவல்காரன் கஞ்சிப் போணியைக் கவிழ்த்தான். காட்டில் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடுமாம். வழியில் அலோர் காஜாவில் இன்னொரு போலீஸ் சோதனை, அரை மணி. ஆஸ்பத்திரியில் அவளைச் சேர்த்துக்கொண்டார்கள். டாக்டர் என்னைத் தனியே அழைத்தார். "கல்யாணத்துக்கு முன்ன உனக்கு வெட்டை நோய் வந்திருக்கா?" இல்லை என்றேன்.

10, புதன்
வேலைக்குப் போனேன். கை ஓடவில்லை. எழுதிவிடுகிறேன். கல்யாணத்துக்கு மூன்று மாதம் முன்பு, மலாக்கா டவுன், ஒரே முறை. மூத்திர எரிச்சல், சீழ். டிரெஸரிடம் போகவில்லை. அவர் நோயாளிப் புத்தகத்தை ஆபீஸ் கிராணி பார்ப்பார். மாலைக்குள் லயத்து வீடுகள் முழுக்கத் தெரியும். டவுன் கடையில் மாத்திரை. நாலாம் நாள் சீழ் நின்றது. மீதி சாக்கடையில். இஞ்சின் சத்தம் நின்றதும் பழுது தீர்ந்தது என்று எவனாவது சொன்னால் மடையன் என்பேன்.

11, வியாழன்
மறுபடி மலாக்கா. டாக்டரிடம் சொன்னேன். "முந்தாநாளே கேட்டேன்ல? குடல்வாலுன்னு நெனச்சு ரெண்டு நாள் போச்சு." கருக்குழாய் இரண்டிலும் சீழ். நாளை ஆபரேஷன். பிழைப்பாள், பிள்ளை இனி இல்லை. பென்சிலின் எனக்கும். சரோஜாவிடம் நானே சொன்னேன். சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். "அத்த என்னைய மலடின்னு சொல்றப்பல்லாம் நீங்க பக்கத்துல உக்காந்து சோறு தின்னீங்க." ஆமாம்.

12, வெள்ளி
ஆபரேஷன் முடிந்தது. கண் திறந்தாள். 3 மணி லாரியில் திரும்பி அம்மாவிடம் எல்லாம் சொன்னேன். வெகுநேரம் அரிசியில் கல் பொறுக்கினார். பிறகு: "சரிடா. வெளிய யாருக்கும் தெரிய வேணாம். அவளுக்குத்தான் கொறைன்னே இருக்கட்டும்."
குழாயடியில் ஏழெட்டுப் பெண்கள். நேரே போனேன். சரோஜா மேல் குற்றமில்லை, நோய் நான் கொடுத்தது என்றேன். ஒருத்தரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. பக்கத்து வீட்டு முனியம்மா அக்கா மட்டும் வாளியைக் கீழே வைத்தார்.
"அவ உசுரோட இருக்காளாடா?"
இருக்கிறாள் என்றேன்.