புது லைனும் போன வருடப் படமும்

நவம்பர் 4, செவ்வாய்

விடிந்ததிலிருந்து மழை. குடை பஸ்ஸோடு போச்சு. ஸ்கேன் சென்டருக்குப் புது இன்டர்நெட் லைன் வந்தாயிற்று. முக்கூடல் கிளையின் படங்களும் இனி இங்கேதான். முதலாளி அண்ணாச்சி லைன் பெட்டிக்குச் சந்தனம், குங்குமம் வைத்துச் சூடம் காட்டினார். நான் பார்த்துக்கொள்ளும் சர்வரில் ராம் கம்மி, படங்களைச் சேமிக்கும் டிஸ்க் கிழடு, அதிலும் இடமில்லை. அதற்கு யாரும் சூடம் காட்டவில்லை.

நவ. 5, புதன்

தூறல். பயந்தபடியே ஆச்சு. படங்கள் பாய்ந்து வந்து ராமில் குவிகின்றன. ஒரு படத்தை டிஸ்க் எழுதி முடிப்பதற்குள் அடுத்தது. மதியம் சர்வர் அப்படியே நின்றுவிட்டது. மதகைத் திறந்துவிட்டு வாய்க்காலைத் தூர்வாராத கதை.

அண்ணாச்சியிடம் புது டிஸ்க் கேட்டேன்.

“லைன் பறக்குதுன்னு எல்லாரும் சொல்லுதாங்க, நீ மட்டும் ஏம்லே மூக்கால அழுதுக்கிட்டு இருக்க? பழச அழி. எவம்லே வந்து கேக்கப் போறான்?”

பிலிம் கொடுப்பதை நிறுத்திவிட்டோம், நோயாளிக்குப் போனில் ஒரு லிங்க்தான், படம் இருப்பது இங்கே மட்டும் என்றேன். காதில் போட்டுக்கொள்ளவில்லை.

போன வருடப் படங்கள் முழுவதும் அழித்தாயிற்று. சர்வர் ஓடுகிறது. சாப்பிடப் பிடிக்கவில்லை.

நவ. 7, வெள்ளி

வெயில். சீவலப்பேரியிலிருந்து ஒரு அம்மா. கூடவே புருஷன், வயலில் கூலி வேலை, ஓயாத இருமல். நுரையீரலில் கட்டி. போன வருடப் படத்தோடு ஒப்பிட்டு, வளரவில்லை என்றால் சும்மா விடலாம், வளர்ந்திருந்தால் ஆபரேஷன் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருக்கிறார். பழைய ரிப்போர்ட்டில் ‘சிறு கட்டி’ என்று மட்டும். அளவு இல்லை.

“பழைய படம் போன்ல தொறக்க மாட்டேக்கு தம்பி. நீங்க பெரிய கம்ப்யூட்டர்ல பாத்து எடுத்துத் தாங்க.”

இல்லை என்று தெரிந்தே தேடினேன். பிறகு அழித்துவிட்டதைச் சொன்னேன். வெட்கமாக இருந்தது.

“விடுட்டி, புதுசா எடுத்துக்கிடலாம்” என்றார் புருஷன்.

“புதுசுல, போன வருசம் எப்படி இருந்துச்சுன்னு தெரியுமா?”

அண்ணாச்சி அறையை விட்டு வெளியே வரவில்லை.

நவ. 8, சனி

மறுபடி மழை. பிளேடு, சோப்பு வாங்கணும். சீவலப்பேரிக்காரருக்குப் புது ஸ்கேன். கண்மூடித் திறப்பதற்குள் படம் டாக்டருக்குப் போய்விட்டது. பதிலும் உடனே. பக்கத்தில் வைத்துப் பார்க்கப் பழைய படம் இல்லை, காத்திருப்பதும் ஆபத்து, அதனால் ஆபரேஷனே செய்துவிடலாமாம். செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். கட்டி வளர்ந்ததா இல்லையா, இனி யாருக்கும் தெரியாது.

கிளம்பும்போது அந்த அம்மா, “இந்தப் படமாவது இருக்குமா தம்பி?”

அழித்துக் கிடைத்த இடம் அடுத்த வருடம்வரை காணாது, அப்போது இதுவும் ‘பழசு’.

இருக்கும்மா என்றேன்.