எழுபதாயிரம் கோடும் எட்டு வருடத் தலைவலியும்

என் பாசத்துக்கும் பிடிவாதத்துக்கும் உரிய அக்காவுக்கு,

உன்மேல் கோபமாக இருக்கிறேன். செத்துப்போனவளிடம் கோபிக்கக் கூடாது என்று அத்தான் சொல்கிறார். வேறு யாரிடம் கோபிப்பது?

நம் டிடிபி கடையின் பெட்டி மானிட்டர் போன வாரம் சரியாகிவிட்டது. தீப்பெட்டி லேபிளின் நிறம் இதில்தான் ஒழுங்காகத் தெரியும் என்று நீ மாற்றவிடாத அதே மானிட்டர்தான். எட்டு வருடம் அதன் துடிப்பில் என் மண்டை தெறித்தது. சொன்னபோதெல்லாம், "ஏட்டி, ஒனக்குக் கண்ணாடி பவர் கூடியிருக்கு, போய்க் காட்டு" என்றாய். மூன்று கண்ணாடி மாற்றினேன். மூன்றிலும் திரை துடித்தது.

பிரிண்டர் பார்க்கக் கடம்பூரிலிருந்து வந்த சர்வீஸ் அண்ணாச்சி, இதை எப்படி உட்கார்ந்து பார்க்கிறீர்கள் என்று கேட்டார். இந்த மானிட்டரால் நொடிக்கு எழுபதாயிரம் கோடுதான் போட முடியுமாம். எழுத்தைப் பொடியாக்கித் திரையில் நிறையக் காட்டுகிற, நீ வைத்திருந்த ரெசல்யூஷனில் ஒரு படத்துக்கே ஆயிரத்துக்கு மேல் கோடு. அதனால் நொடிக்கு அறுபது முறைதான் படத்தைத் திரும்ப வரையும், கண்ணுக்கு அது துடிக்கும். "எழுநூத்திச் சொச்சம் கோடு போதும்மா, எம்பத்தஞ்சு தடவ வரையும்" என்று சொல்லி, மவுஸை இரண்டு தட்டுத் தட்டினார். திரை அசையாமல் நின்றது.

அவ்வளவுதானா அக்கா? இரண்டு தட்டா?

அன்று சாயங்காலம் அத்தானிடம் பொரிந்து தள்ளினேன். அப்போதுதான் அவர் சொன்னார்:

"அவளுக்கும் தலவலிதான். மாத்திரையப் போட்டுக்கிட்டுத்தான் ஒக்காருவா. ஒங்கிட்டச் சொல்லக் கூடாதுன்னுட்டா."

எட்டு வருடத்துக்கு முன் விளாத்திகுளத்துக் கல்யாணப் பத்திரிகை ஒன்றில், திரைக்குக் கீழே மறைந்திருந்த கடைசி வரியை, மாப்பிள்ளையின் தாய்மாமன் பெயரை, நான் விட்டுவிட்டேனே. ஆட்கள் கடைக்கு வந்து சத்தம் போட்டார்கள். முழுப் பக்கமும் ஒரே பார்வையில் எனக்குத் தெரியட்டும் என்று அதன் பிறகுதான் நீ ரெசல்யூஷனைக் கூட்டினாயாம்.

எனக்காகச் செய்ததை என்னிடமே ஏன் மறைத்தாய்? ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், பக்கத்தை மேலும் கீழும் நகர்த்திப் பார்த்துக்கொள்ள மாட்டேனா? இப்போது அப்படித்தான் பார்க்கிறேன். தலை வலிக்கவே இல்லை. அதுதான் எனக்கு எரிச்சலாக வருகிறது.

ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்கிறேன். அத்தானுக்கு முட்டி வலிக்கிறது. யாரிடமும் சொல்லாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். நாளைக் காலையில் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போகிறேன். உன் வீட்டில் இன்னொருவர் வாயை மூடிக்கொண்டு வலி தாங்க விடமாட்டேன்.

கோபம் தீராத உன் தங்கச்சி,
செல்வி